மூட்டை மேல் உட்கார்ந்து கற்ற பாதை

"தெரியாது" என்று சொன்ன ஆள் எவரும் காட்டில் வழி தவறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தெரியாது என்றவன் பேசாமல் வீட்டில் இருந்துவிடுவான். "தெரியும்" என்றவன்தான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்புவான்.

நான் அந்தத் தெரியும் கட்சி. படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் அதை விட்டேன். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த வேலைகள் எல்லாம் இந்த ஒரு சொல்லால் கிடைத்தவை. கிள்ளானில் ஒரு பட்டறையில் "வெல்டிங் தெரியுமா?" என்றார்கள். தெரியும் என்றேன். (வந்த வாரமே புருவம் இல்லாமல் வெளியே போனேன்.) ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் "ரொட்டி வீசத் தெரியுமா?" என்றார்கள். தெரியும் என்றேன். நான் வீசிய முதல் ரொட்டி விசிறி இறக்கையில் மாட்டிக்கொண்டு கடை முழுக்கச் சுற்றியது. சிங்கப்பூரில் கப்பல் துடைத்தேன், ஜொகூரில் கோழிக்குத் தீனி போட்டேன். ஒரு மழைக்காலம் முழுக்கக் கண்டெய்னர் பெட்டிக்குள் ஆட்களோடு ஆளாகப் படுத்திருந்தேன். குறை ஒன்றும் இல்லை, கதவோரம் படுத்தால் காற்று வரும்.

இப்படிச் சுற்றிவிட்டு ஒருநாள் ஒரு பையோடு, பிறந்து வளர்ந்த கேமரன் மலைக்கே திரும்பி வந்து, பிரிஞ்சாங்கில் இருந்த அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அக்கா சரோஜா பல வருஷம் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் துவைத்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, துணிந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மூன்று அறைகளைச் சுற்றுப்பயணிகளுக்கு விட ஆரம்பித்திருந்தாள். சமையற்கட்டுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர்த் தோம்புகளுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பாயைப் போட்டுக் கொடுத்தாள். கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள்.

"இங்க பாருடா. இதுதான் என் சோறு. வர்றவங்க நல்லா இருந்துச்சின்னு நாலு பேருகிட்ட சொன்னாதான் அடுத்த ஆள் வரும். நீ கூடமாட இருந்து வேலயப் பாரு. இதயும் கெடுத்தேன்னா, ஒன் பையத் தூக்கி வாசல்ல வச்சிருவேன். சும்மா சொல்லல லா."

"அக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா பரவால்ல, கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போயிரலாம்."

இந்த நிலைமையில்தான் கீத்தும் ஹெலனும் வந்து சேர்ந்தார்கள். அக்கா வீட்டுக்கு வந்த முதல் வெளிநாட்டு விருந்தாளிகள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்துக்காரர்கள், அறுபதைத் தாண்டியவர்கள். கீத் நெட்டை, முழங்கால் கொஞ்சம் மக்கர். ஹெலன் குட்டை, ஆனால் கால் இரண்டும் இரும்பு. இரண்டு சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுவந்திருந்தார்கள். (நாங்கள் வெளிநாட்டுக்குப் போனால் கறிமசாலாத் தூள் கொண்டுபோகிறோம். அவர்கள் சைக்கிள் கொண்டுவருகிறார்கள்.)

ஹெலன் கைப்பேசியில் அவர்கள் ஊர்ப் படங்களைக் காட்டினார். லோரி ஒன்று நுழைந்தால் சைக்கிள் ஒதுங்க இடமில்லாத குறுகலான பாதைகள். இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட வேலிச்செடி. கொஞ்ச தூரத்துக்கு ஒரு கிராமம். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு தேவாலயம், பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. ஞாயிறானால் இருவரும் கிளம்பி, ஒரு கிராமத்தில் தேநீர், அடுத்ததில் கேக் என்று சுற்றிவிட்டு மாலையில் வீடு திரும்புவார்களாம். முன்னால் போகிறவர் அடுத்த ஊர்த் தேவாலய வாசலில் காத்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவர்கள் சட்டம்.

"இதேபோல அமைதியான பாதை இங்கே உண்டா?" என்று கேட்டார் கீத். பாவம், வந்ததிலிருந்து பயந்துபோயிருந்தார். எங்கள் ஊரில்தான் திரும்பிய பக்கமெல்லாம் கறுப்புக் கட்டை, வெள்ளைச் சுவர் வைத்து இங்கிலீஷ் வீடு மாதிரியே ஹோட்டல் கட்டி வைத்திருக்கிறார்களே. இதிலிருந்து தப்பிக்கத்தான் விமானம் ஏறினோம் என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "டேய், தோட்டத்து உள்ரோடெல்லாம் ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்க்கா."

இந்த முறை நான் பொய் சொல்லவில்லை. பள்ளியை விட்ட கையோடு நான் பார்த்த முதல் வேலை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரியில் மூட்டை ஏற்றுவது. மலையைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு பாதை. குறுகல் என்பதால் எதிரும் புதிருமாக லோரிகள் முட்டிக்கொள்ளக் கூடாதென்று எப்போதும் ஒரே திசையில்தான் ஓட்ட வேண்டும்: ஒரு பக்கமாக ஏறி, மறுபக்கமாக இறங்கி, ஆலைக்கு வர வேண்டும். அந்த வளையத்தை நான் எத்தனை நூறு தடவை சுற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் ஒரு விஷயம். மூட்டை ஏற்றும் ஆட்கள் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார மாட்டோம். பின்னால் மூட்டைகளின் மேல்தான். அந்தக் குளிரில் எதிர்காற்று மூக்கை அறுத்துவிடும் என்பதால், லோரியில் ஓட்டுநர் இருக்கும் முன்பெட்டியில் முதுகைச் சாய்த்துப் பின்பக்கம் பார்த்து உட்காருவோம். எல்லோரும் அப்படித்தான், ஏற்றத்திலும் இறக்கத்திலும் அப்படித்தான். ஆக, எனக்கு அந்தப் பாதை முழுக்கத் தெரியும். போகிற பக்கம் தவிர.

இது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

"ஏற்றம் அதிகமா?" என்று கீத் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

கண்ணை மூடி யோசித்தேன். ஆரம்பத்தில் பாதை சரசரவென்று கீழே போவது மனத்தில் தெளிவாகத் தெரிந்தது. "முதல் பாதி எல்லாம் இறக்கம். பிறகு கொஞ்சம் ஏற்றம்" என்றேன். (மேலே ஏறும் லோரியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் பாதை கீழேதானே போகும்! எஞ்சின் முனகியிருக்குமே என்பீர்கள். அந்த லோரி நின்றாலும் முனகும்.)

மறுநாள் காலை கிளம்பினோம். எனக்குச் சந்தையில் காய்கறி விற்பவரிடம் அக்கா ஒரு சைக்கிளை இரவல் வாங்கித் தந்தாள். கியர் கிடையாது. பின்சீட்டில் முட்டைக்கோஸ் கட்டும் ரப்பர் வார் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா என் காதோடு சொன்னாள்: "பத்திரமா கூட்டிட்டுப் போயி, பத்திரமா கூட்டிட்டு வா. வேற ஒண்ணும் வேணாம்." கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் நத்தை மாதிரி நகர, அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டினோம். ஒரு காரிலிருந்து குழந்தை கைதட்டியது. என் நெஞ்சு விரிந்தது. அன்றைக்கு அந்த வேலையை நான் நன்றாகச் செய்தது அதுவரைக்கும்தான்.

தோட்டத்துக்குள் திரும்பினோம். இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட தேயிலைச் செடி, நடுவே குறுகல் பாதை, சத்தமே இல்லை. "எங்கள் ஊர் வேலிச்செடி போலவே இருக்கிறது!" என்று ஹெலன் உற்சாகமானார். பாதை வளைந்தது, ஏறியது. மறுபடி வளைந்து மறுபடி ஏறியது.

"இறக்கம் எப்போது வரும்?" கீத் கேட்டார்.

"இதோ வருகிறது."

அது வரவில்லை. நான் சைக்கிளைத் தள்ள ஆரம்பித்திருந்தேன். கியர் இல்லாத சைக்கிளை முட்டைக்கோஸ் வாரோடு அந்த ஏற்றத்தில் மிதிக்க நான் என்ன ஹெலனா? "வழிகாட்டி நடந்துதான் வர வேண்டும், அதுதான் இங்கே முறை" என்று மூச்சிரைக்கச் சொல்லிவைத்தேன். என் ஆங்கிலம் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் கற்றது. அதில் பாதி வசவு. அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதியில் பேச வேண்டியிருந்ததால் சுருக்கமாகவே பேசுவேன்.

முதல் பிரிவு வந்தது. முன்னால் இரண்டு பாதைகள். இரண்டையும் பார்த்தேன். உன்னைப் பார்த்ததே இல்லை என்று இரண்டும் சொன்னன. குருட்டாம்போக்கில் இடது பக்கம் கொஞ்சம் போய், அவர்கள் வருகிறார்களா என்று திரும்பினேன். திரும்பிய கணத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது! அன்று மூட்டை மேலிருந்து பார்த்த அதே பாறை, அதே தண்ணீர்த் தொட்டி, அதே சாய்ந்த மரம். சரியான பாதை! எனக்கே ஆச்சரியம். அதற்குப் பிறகு அதுவே வழக்கமானது. பிரிவு வந்தால் ஒரு பாதையில் கொஞ்சம் போவது, கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது, தெரிந்த இடமென்றால் "வாங்க", இல்லையென்றால் அடுத்த பாதை.

"ஏன் அடிக்கடி பின்னால் பார்க்கிறீர்கள்? யாராவது துரத்துகிறார்களா?" என்றார் ஹெலன்.

"பாதுகாப்புக்காக" என்றேன்.

"இப்படி நம்மை ஒவ்வொரு வளைவிலும் கவனிக்கும் வழிகாட்டியை நான் பார்த்ததே இல்லை" என்று கீத் மனைவியிடம் சொன்னார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டேன்.

மூன்று பாதை பிரியும் இடத்தில் பனி இறங்கியது. எங்கள் மலைப் பனிக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது, வந்தது என்றால் வந்ததுதான். என் தொழிலுக்கு அதைவிடப் பெரிய இடி இல்லை, ஏனென்றால் திரும்பிப் பார்த்தாலும் வெள்ளை. "இங்கேயே நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு பாதையிலும் போய்ப் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது கீத் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம் எங்கே?"

"நின்றால் அவளுக்குக் குளிரும். முன்னால் போய்விட்டாள்" என்றார் நிம்மதியாக. "கவலைப்படாதீர்கள். அடுத்த கிராமத்துத் தேவாலய வாசலில் காத்திருப்பாள்."

"எந்தப் பாதையில்?"

பனியைச் சுற்றிப் பார்த்தார். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

அடுத்த கிராமமும் இல்லை, தேவாலயமும் இல்லை. அந்த மூன்றில் ஒரு பாதை நேரே ஓடைக்கரையில் போய் முடியும். போன மழையில் கரையோடு சேர்த்துப் பாதி ரோடு உள்ளே போய்விட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அது எந்தப் பாதை? திரும்பிப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.

"ஹெலன்!" என்று கீத் கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். பனி இரண்டு குரலையும் விழுங்கிவிட்டது. செடிகளுக்கு நடுவே கத்தரியோடு ஒரு நேப்பாளத் தொழிலாளி நின்றார். ஓடிப்போய் மலாயில் விசாரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, தான் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, எந்தப் பாதை எங்கே போகிறது என்று யாரிடமாவது கேட்க வேண்டுமென்று தானே நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். (அவர் தெரியாது கட்சி. மரியாதைக்குரியவர்.)

ஒரு பாறை மேல் ஏறினால் கைப்பேசியில் சிக்னல் கோடு வந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா... அந்த அம்மாவக் காணோம்க்கா."

"காணோம்னா? அது என்னடா கோழியா, காணாமப் போறதுக்கு?"

"பனியில தனியா போயிட்டாங்க. எந்த ரோடுன்னு..."

"ஒனக்குத்தான் ரோடு தெரியுமே!"

வசவு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆனால் அக்கா மெல்லிய குரலில், "ஐயோ, வயசான மனுசிடா. ஏதாச்சும் ஆயிருந்துச்சின்னா..." என்று நிறுத்திக்கொண்டாள். "இரு, லோரி முனியாண்டி அண்ணனுக்குப் போன் போடுறேன். இந்நேரம் அந்தப் பக்கம்தான் இருப்பாரு. நீ இன்னும் என்னமாச்சும் தெரியும்னு சொல்லிக்கிட்டு எங்கயும் போயிடாத."

நான் போனேன். சும்மா நிற்க முடியவில்லை. முதலில் அந்த ஓடைப்பக்கம் பார்த்துவிட வேண்டும் என்று, கீழே சரியும் பாதையில் நானும் கீத்தும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கி இறங்கினோம். ஹெலனுக்குக் கேட்கட்டும் என்று கீத் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தார். வேலை போகட்டும், பாய் போகட்டும், அந்த அம்மா மட்டும் கிடைத்துவிடட்டும் என்று வழியில் இருந்த முனீஸ்வரன் கல்லிடம் சொல்லிக்கொண்டே போனேன்.

அந்தப் பாதை ஓடைக்குப் போகவில்லை. கீழே வேறொரு ரோட்டில் போய்ச் சேர்ந்தது. எந்த ரோடு என்று தெரியாமல் நின்றோம். அப்போது மேலே பனிக்குள் ஹாரன் கேட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு கொழுந்து லோரி வந்தது. முனியாண்டி அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இறக்கத்துல நிறுத்த முடியாதுடா! பின்னால வாங்க!"

லோரி எங்களைத் தாண்டியது. தாண்டிய பிறகுதான் தெரிந்தது. மூட்டைகளின் மேல், முன்பெட்டியில் முதுகைச் சாய்த்துப் பின்பக்கம் பார்த்தபடி, பக்கத்தில் சைக்கிளைக் கிடத்தி, நெற்றியில் குங்குமம், காதோரம் ஒரு சாமந்திப் பூ, மடியில் சைக்கிள் தலைக்கவசம் நிறைய வடையோடு, ஹெலன் எங்களுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

கீத் சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சைக்கிளில் தாவி ஏறி லோரியைத் துரத்தினார். நானும் துரத்தினேன். அவ்வளவு நேரம் தேடிய இறக்கம் அங்கேதான் இருந்தது. மேலேயிருந்து ஹெலன் ஒரு வடையைக் கீத்துக்கு வீசினார். அது என் மூக்கில் பட்டுத் தெறித்தது. அந்த வலியைப் போல் சுகம் நான் அனுபவித்ததில்லை.

ஆலை வாசலில் லோரி நின்ற பிறகு கதை வந்தது. ஹெலன் எடுத்த பாதைதான் சரியான பாதை. திரும்பிப் பார்க்காமலே எடுத்திருக்கிறார். கொஞ்ச தூரத்தில் கோபுரம் ஒன்று பனியில் தெரிந்ததாம். தேவாலயம் வந்துவிட்டது என்று தங்கள் சட்டப்படி தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து லயத்தில் குடியிருக்கும் தோட்டத்துப் பெண்கள் விடுவார்களா?

"துரைசாணி தனியா குந்தியிருக்குன்னு ஆளாளுக்கு ஓடி வந்துட்டாங்கலா" என்றார் முனியாண்டி அண்ணன். "ஒருத்தி தேத்தண்ணி, ஒருத்தி வடை, ஒருத்தி பொட்டு. நான் கொழுந்து ஏத்தப் போனப்ப ஒங்கக்கா போன்ல கத்துது. இங்க இந்தம்மா மூணாவது வடையில இருக்கு. முன்னால ஏறி உக்காருங்கம்மான்னா மாட்டேங்குது. மேலதான் உக்காருவேன்னு ஒரே பிடிவாதம்."

கோயில், தேநீர், பலகாரம். அவர்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமையில் இருந்த எல்லாமே அவருக்குக் கிடைத்துவிட்டது. நான்தான் வழியில் இல்லை. அநேகமாக அதனால்தான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கரண்டியைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள். குங்குமமும் பூவுமாக இறங்கிய ஹெலனைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மாரியாத்தா" என்றாள். பிறகு எழுந்து அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் மெதுவாக உள்ளே நழுவப் பார்த்தேன். வாசல் ஓரத்தில் என் பை இருந்தது. துணியெல்லாம் மடித்து, ஜிப் போட்டு, மேலே என் பல்துலக்கியைச் செருகி வைத்திருந்தாள். சொன்ன சொல் தவறாதவள்.

சாப்பாட்டு மேசையில் ஹெலன் தன் சந்தேகத்தை எடுத்தார். "லோரி மேலிருந்து பார்த்தேன். இறங்கும்போது பாதை ஏறுவது போலத் தெரிகிறது. ஒவ்வொரு பிரிவும் நாம் கடந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. நீங்கள் இந்தப் பாதையை இப்படி உட்கார்ந்துதான் படித்தீர்களா?" சர்க்கரை டப்பாவை லோரியாக்கி, அதன் மேல் ஒரு கரண்டியைத் திருப்பி உட்கார வைத்து, மேசையைச் சுற்றி ஓட்டிக் காட்டினார். அந்தக் கரண்டி நான்தான். எனக்கே அப்போதுதான் விளங்கியது.

அக்கா சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி டப்பாவைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினாள். உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

கீத் கேட்டார்: "அப்படியானால் எதிர்த்திசையில் போனால், இவர் பார்த்தபடியே எல்லாம் முன்னால் வரும் இல்லையா? லோரிக்குத்தானே அந்தச் சட்டம்?"

"நாளைக்கு அப்படிப் போகலாம்" என்றார் ஹெலன். "இவரோடுதான்."

சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா முன்வாசலுக்கு நடந்தாள். என் பையைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, கேஸ் தோம்பில் முட்டி நின்றது.

மறுநாள் எதிர்ப்பக்கமாகப் போனோம். ஒரு பிரிவில்கூட நான் கழுத்தைத் திருப்பவில்லை. பாறை, தொட்டி, சாய்ந்த மரம் எல்லாம் சொன்ன இடத்தில் வந்து நின்றன. கோயில் வாசலில் தேநீர் குடித்தோம். எதிரே வந்த லோரியிலிருந்து முனியாண்டி அண்ணன் ஹாரன் அடித்துச் சிரித்தார். கீத்தும் ஹெலனும் ஊருக்குப் போய்ச் சொல்ல, அவர்கள் நண்பர்கள் வந்தார்கள். இன்றைக்கும் அந்தப் பாதையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் நிலைத்து நின்ற ஒரே வேலை இதுதான். இப்போது என் சைக்கிளுக்குக் கியர் உண்டு.

ஆனால் வீட்டில் "தெரியும்" என்ற சொல்லை நான் வாயில் எடுக்க முடியாது. எனக்குப் பெண் பார்க்கக் கம்போங் ராஜா ஊருக்குப் போனபோது, பெண்ணின் அப்பா "மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம் எல்லாம் தெரியுமா?" என்று கேட்டார். வழக்கம்போலத் தெரியும் என்றேன். "எந்தப் பக்கம் பாத்து உக்காந்துகிட்டு?" என்றாள் அக்கா, சபையில். பெண் உள்ளே சிரித்த சத்தம் கேட்டது. அதனால்தான் சம்மதித்ததாக அவள் இன்றும் சொல்கிறாள்.

போன வாரம் என் மகள் பள்ளிக்கூடக் கணக்கோடு வந்தாள். "அப்பா, இது தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவள் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, என்னை எழுப்பி, நாற்காலியை மேசைக்கு முதுகு காட்டத் திருப்பிப் போட்டு, "இப்ப உக்காருங்க" என்றாள்.